வயரின் மறுமுனை

சுவிட்ச் மேலே தூக்கியிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். வீட்டுக்குள் நுழைகிறவர்கள் ஆளைப் பார்ப்பார்கள், ஈரக்காலோடு தரையை மிதிக்கலாமா என்று பார்ப்பார்கள். சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றா பார்ப்பார்கள்? ஆனால் தொழில்காரன் கண் போகிற இடமே தனி. தையல்காரன் சட்டையைப் பார்ப்பான், வயர்மேன் சுவிட்சைப் பார்ப்பான். அந்த வீட்டில் வாசல் விளக்கு, கூடத்து விளக்கு, சமையலறை விளக்கு எல்லாமே கீழே தட்டினால் எரியும், மேலே தட்டினால் அணையும். படிக்கட்டு விளக்கு மட்டும் தலைகீழ். மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே அவர் சுவிட்சை ஒரு தரம் பார்த்தார், மேலே எரிகிற விளக்கை ஒரு தரம் பார்த்தார், மறுபடி சுவிட்சைப் பார்த்தார்.

“அது அப்படித்தாண்ணா,” என்றாள் தங்கை. “நேத்து கீழ தட்டினா எரிஞ்சுது. இன்னைக்கு மேல தட்டினா எரியுது. அதுக்கு என்ன மூடோ.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் கண்ணைச் சுற்றிக் கருத்துப்போயிருந்தது. அவள் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்காரர், வருஷத்தில் பாதி நாள் கடலில். மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று மழைக்காலம் தொடங்கும்போதுதான் இந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்திருந்தாள். உயரமான கூரை, தடித்த சுவர், தெருப் பக்கம் ஒரு ஜன்னல், உள்ளே பக்கச் சுவரை ஒட்டி மாடிக்கு ஏறுகிற குறுகலான படிக்கட்டு. எங்கே நின்றாலும் நனைந்த சுண்ணாம்பின் வாசனை. குழந்தை ராத்திரியில் தூங்குவதில்லை, படிக்கட்டு விளக்கு எரிந்தால்தான் கண்ணை மூடுகிறாள், அந்தப் பாழாய்ப்போன விளக்கோ நினைத்தபோது அணைந்து தொலைக்கிறது, அணைந்தால் தூக்கத்திலேயே அலறுகிறாள், பள்ளிக்கூடத்தில் டெஸ்க்கில் தலை வைத்துத் தூங்குகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார் என்று தங்கை போனில் அழுதிருந்தாள். ஹோல்டர் லூஸாக இருக்கும், விளக்கையே மாற்றிவிடலாம், வேலை முடிந்ததும் வருகிறேன் என்று இவர் சொல்லியிருந்தார். புது வட்ட விளக்கு ஒன்றைப் பெட்டியோடு வாங்கியும் வந்திருந்தார்.

குழந்தைக்குப் பெயர் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் தவிர எங்கேயும் அது புழங்கவில்லை. வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெயருக்கு ஏற்ற வாலு. போன வீட்டில் படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கி முன்பல்லை உடைத்துக்கொண்டவள், பெரியவர்களை நீ, போ, வா என்று பேசி வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். தாய்மாமனுக்குக் கரண்டு மாமா என்று பெயர் வைத்ததும் அவள்தான். மாமாவுக்கும் அவளுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. தெருமுனையில் திரும்பியதும் அவர் வண்டி விளக்கை இரண்டு தரம் போட்டு அணைப்பார், கொஞ்சம் நிறுத்தி, ஒரு தரம். ஜன்னலிலிருந்து அவள் டார்ச்சால் அதையே திருப்பிப் போடுவாள். இரண்டு, நிறுத்தி, ஒன்று. ‘நான் இங்கேதான் இருக்கேன்’ என்று அர்த்தம். இன்றைக்கும் மழைக்குள் அந்தப் பதில் வந்தது. அதைப் பார்த்தபோது, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், தங்கைதான் பெரிதுபடுத்துகிறாள் என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அவளை நேரில் பார்த்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு கைகளாலும் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, உடம்பு முழுவதையும் அந்தப் பக்கமே சாய்த்து, சுவர்ப் பக்கம் பாவாடை நுனிகூடப் படாமல் இறங்கினாள். சறுக்கி வருகிற பிள்ளை இப்படியா இறங்கும்? கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“என்னடி வாலு, விளக்கு லூஸாமே? மாமா வந்துட்டேன் பாரு.”

“லூஸ் இல்ல கரண்டு மாமா,” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “அணைக்கிறாங்க.”

யார் என்று கேட்டதற்கு விரலால் காட்டவில்லை. மோவாயை மட்டும் சுவர்ப் பக்கம் லேசாக அசைத்தாள். முதலில் டக்கென்று சத்தம் கேட்குமாம், பிறகுதான் அணையுமாம்.

லூஸ் கனெக்‌ஷன் டக்கென்று சத்தம் போடாது. சீறும், பொரியும், கருகின வாடை அடிக்கும், டக்கென்காது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும், பிள்ளைகள் ஆயிரம் சொல்லும் என்று விட்டுவிட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தங்கை கொடுத்த டீயை ஊதினார். டம்ளர் பாதி காலியாவதற்குள் அது கேட்டது.

டக்.

சுவருக்குள்ளிருந்து. படிக்கட்டின் நடுவில், ஒரு ஆள் நின்றால் கை எட்டுகிற உயரத்தில். படிக்கட்டு விளக்கு அணைந்தது. குழந்தையின் டார்ச் அதே கணத்தில் எரிந்தது. கையிலேயே, விரலைப் பொத்தானிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தங்கை ஓடிப்போய்ச் சுவிட்சைக் கீழே தட்டினாள். விளக்கு எரிந்தது. அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள், தினமும் செய்து பழகின வேலையைச் செய்துவிட்டுப் போகிற மாதிரி.

மாமாவுக்கோ, சொன்னால் சிரிப்பீர்கள், பெரிய நிம்மதி. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டதே. டூ வே! ஒரே விளக்குக்கு இரண்டு சுவிட்ச். படிக்கட்டு உள்ள வீடுகளில் வழக்கமாகச் செய்கிறதுதான். எந்த முனையில் தட்டினாலும் விளக்கு மாறும், அதனால்தான் மேலுக்கும் கீழுக்கும் கணக்கில்லை. மறு சுவிட்ச் மாடியில் இருக்க வேண்டும். ஏறிப் பார்த்தார். மாடியில் இல்லை. படிக்கட்டுச் சுவரைத் தட்டிக்கொண்டே இறங்கினார். நடுவில் ஓரிடத்தில் பூச்சு மட்டும் வேறு நிறம், வெறும் கை அகலத்துக்கு. எந்தக் காலத்திலோ எவனோ சுவிட்சின் மேலேயே பூசி மூடிவிட்டுப் போயிருக்கிறான், சோம்பேறி. மழை ஈரம் ஏறி, உள்ளே துருப்பிடித்த ஸ்பிரிங் தானாகத் துள்ளுகிறது. அவ்வளவுதான் கதை.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, “சுவிட்ச் சுவத்துக்குள்ள இருந்தா, தட்டுறது யாரு?” என்றாள்.

“ஈரம்.”

பெரியவர்கள் பொய் சொன்னால் பிள்ளைகள் ஒரு பார்வை பார்க்குமே, அதைப் பார்த்தாள். அவருக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் அந்தச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தார். ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து, தண்ணீர் ஓடுகிற சாக்கடை, பாசி பிடித்த வெறும் சுவர். கதவில்லை, ஜன்னலில்லை. உள்ளே ஒரு அறை இருக்கிற கனமும் இல்லை; இந்தப் பக்கம் சந்து, அந்தப் பக்கம் படிக்கட்டு, நடுவில் செங்கல். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நனைந்திருந்தது. மழை பெய்தால் நனையாமல் என்ன செய்யும்?

திரும்பி வந்து குழந்தைக்கு வாக்குக் கொடுத்தார். விளக்கை மாற்றுவது மட்டுமில்லை, அந்தக் கள்ளச் சுவிட்சுக்குப் போகிற வயரையே வெட்டிவிடுகிறேன். இனிமேல் இந்த விளக்கை இங்கிருந்து மட்டும்தான் போடலாம், அணைக்கலாம். வேறு எவனும் கை வைக்க முடியாது. மாமா சொன்னால் சொன்னதுதான். அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

அவர் மெயின் போர்டுப் பக்கம் நடந்ததும் அது வடிந்துவிட்டது.

“ஃபியூஸைப் புடுங்காம பண்ணு மாமா.”

“கரண்டுகிட்ட சொந்தம் கொண்டாட முடியாதுடி செல்லம்.”

“மாமா, இருட்டாக்காத. அவங்களுக்கு அதுதான் வேணும்.”

அந்த இடத்தில் அவர் கேட்டிருக்கலாம். அந்த இடத்தில் மட்டும். ஆனால் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஃபியூஸைப் பிடுங்காமல் ஏணியில் ஏற மாட்டார், பிடுங்கின ஃபியூஸ் கட்டையைப் போர்டின் மேல் வைக்கவும் மாட்டார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ‘ஐயோ பாவம், கரண்டு போயிடுச்சு போல’ என்று எவனோ ஒரு நல்லவன் ஃபியூஸைத் திருப்பி மாட்டப்போய், கூடத் தொழில் பழகின நண்பன் ஏணியிலேயே போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர். அன்றிலிருந்து ஃபியூஸ் அவர் பையில்தான். அந்தப் பழக்கம் அவர் உயிரைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. அதனால் குழந்தையின் தலையைத் தடவி, ஒரு நிமிஷ வேலை என்று சமாதானம் சொன்னார். பழைய வீடு, மொத்த வீட்டுக்கும் ஒரே ஃபியூஸ். தங்கை அடுப்படியில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டாள். அம்மாவிடம் போ என்றால் குழந்தை போகவில்லை. கூடத்து இருட்டைத் தாண்டித்தான் அடுப்படி. படியில் உட்கார்ந்து உனக்கு டார்ச் அடிக்கிறேன் என்றாள். கைப்பிடியை ஒட்டி உட்கார்ந்தாள்.

அவர் ஃபியூஸைப் பிடுங்கினார். பையில் போட்டார்.

வீடு இருண்டதும் அதன் சத்தமெல்லாம் மாறிப்போனது. ஃபிரிட்ஜின் முனகல் நின்ற பிறகுதான் அது அதுவரை முனகிக்கொண்டிருந்தது தெரிந்தது. கூரையில் மழை விழுவதும், சந்துச் சாக்கடை விழுங்கி விழுங்கி ஓடுவதும், அடுப்படியில் தங்கை ஏதோ ஒரு கரண்டியைக் கழுவி வைப்பதும், காலுக்குக் கீழே ஏணி மரம் நெட்டி முறிப்பதும் தனித்தனியாகக் கேட்டன. கீழேயிருந்து டார்ச் வெளிச்சம் அவர் கையின் நிழலைக் கூரை முழுக்கப் பெரிதாக்கிப் போட்டது. பழைய கண்ணாடிக் கூண்டைக் கழற்றினார். உள்ளே செத்த பூச்சிகள் ஒரு பிடி. ஹோல்டரைத் தளர்த்தினார். மரக்கட்டைக்குள்ளிருந்து பழைய வயர்கள், ரப்பருக்கு மேல் துணி சுற்றினவை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்தே இருக்க மாட்டார்கள், ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு அவர் முகத்துக்கு நேராகத் தொங்கின. விளக்குக்கு இரண்டு போதும். அங்கே கூடுதலாக இரண்டு இருந்தன. அவை கூரை வழியாகப் போய்ச் சுவருக்குள் இறங்கின.

இதுதான். அவர் அந்த இரண்டையும் விரலால் பிரித்துப் பிடித்தார்.

வயர் அசைந்தது.

மெதுவாக. ஒரு விரற்கடை உள்ளே போய் நின்றது. கயிற்றின் மறுமுனையைக் கையில் வைத்திருக்கிறவர், இந்த முனையில் ஆள் வந்துவிட்டதா என்று இழுத்துப் பார்க்கிற இழுப்பு. அவர் பிடியை விடவில்லை. விடத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் மடங்கிக் கிடந்த வயர், ஹோல்டரைத் தளர்த்தினதும் தன் பாரத்துக்குத் தானே இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டார். வாய்விட்டே சொன்னார்.

“என்ன மாமா?” என்றாள் கீழேயிருந்து.

“ஒண்ணுமில்லடி. டார்ச்சை ஆட்டாம பிடி.”

கட்டிங் பிளேயரை வைத்து அழுத்தினார். இரண்டும் ஒரே அழுத்தில் வெட்டுப்பட்டன.

டார்ச் அணைந்தது.

இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. தன் கை தனக்குத் தெரியவில்லை. சுண்ணாம்பு வாசனை திடீரென்று தூக்கியது, மூடிக்கிடந்த அறையைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுமே, அப்படி. படியில் வெறும் பாதம் இழுபடுகிற சத்தம். ஒரு மூச்சு, பாதியில் நின்றது. பிறகு மழை மட்டும்.

“வாலு?”

பதில் இல்லை.

“ஏய், டார்ச்சை ஏன் அணைச்சே?”

அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றிருந்தது.

“வாலு!”

“ம்,” என்றது குரல், அதே இடத்திலிருந்து.

அவருக்கு உயிர் வந்தது. டார்ச்சைப் போடச் சொன்னார். ம் என்றாள், போடவில்லை. பேட்டரி போயிருக்கும். வெட்டின முனைகளைத் தடவித் தடவி டேப் சுற்றினார், மேலே தள்ளினார், புது விளக்கைத் தொட்டுத் தொட்டே மாட்டினார். ஒரு திருகு கீழே விழுந்து படிபடியாக உருண்டது. இறங்கி, சுவரைத் தடவிக்கொண்டே போர்டுக்குப் போய் ஃபியூஸை மாட்டினார். சுவிட்ச் கீழே தட்டினபடியே இருந்தது.

வெள்ளை வெளிச்சம். படிக்கட்டில் ஒரு மூலை பாக்கியில்லாமல்.

குழந்தை அதே படியில் உட்கார்ந்திருந்தது. அணைந்த டார்ச் மடியில். முதுகைச் சுவரில் சாய்த்திருந்தது.

புது வேலை செய்த பெருமையில் அவர் அதை முதலில் பார்க்கவில்லை. பார்த்தபோது, பயம் தெளிந்துவிட்டதே என்றுதான் நினைத்தார். தங்கையை அழைத்துச் சுவிட்சைப் போட்டும் அணைத்தும் காட்டினார். மேலே அணைந்தது, கீழே எரிந்தது. எல்லாச் சுவிட்சும் போல. தங்கை கையெடுத்துக் கும்பிடாத குறை. சாப்பிட உட்கார்ந்தார்கள். வைத்ததையெல்லாம் குழந்தை சாப்பிட்டது, சிந்தாமல், பேசாமல். தட்டைக் கழுவி வைத்தது. இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை என்று தங்கை சிரித்தாள். அண்ணன் கை பட்டால் விளக்கு மட்டுமா, பிள்ளையும் சரியாகிவிடுகிறாள் என்று கேலி செய்தாள். அவரும் சிரித்தார். குழந்தையின் சட்டை முதுகில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தட்டிவிடக் கை நீட்டினார். சட்டை ஈரமாக இருந்தது.

தூங்கப் போகிற நேரத்தில் அது படிக்கட்டின் கீழே நின்று விளக்கை அண்ணாந்து பார்த்தது.

“மாமா, அந்த லைட் வேண்டாம். கண்ணு கூசுது. அணைச்சிடுங்க.”

தங்கைக்குக் கண்ணே கலங்கிவிட்டது, சந்தோஷத்தில். எத்தனை ராத்திரி தூங்காத வீடு! அவள் ஓடிப்போய் அணைத்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டுக்குள் மாடி ஏறினாள். கீழே நின்றவருக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ நெருடியது. அணைச்சிடுங்க. மாமனை ‘ங்க’ போட்டுப் பேச எப்போது படித்தாள்? கரண்டு மாமா எங்கே போனான்? சே, தூக்கக் கலக்கம், டீச்சர் மரியாதை சொல்லிக்கொடுத்திருப்பார் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மழை விட்டிருந்தது. வண்டியைக் கிளப்பித் தெருவில் திருப்பி, வழக்கப்படி விளக்கைப் போட்டார். இரண்டு. நிறுத்தி, ஒன்று.

மாடி ஜன்னலில் குழந்தை நின்றது. பின்னால் அம்மா படுக்கையை விரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவரைப் பார்த்தது. டார்ச் கையில் இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றது.

மறுபடி போட்டார். இரண்டு. ஒன்று.

அது கையைத் தூக்கி, எல்லாக் குழந்தைகளும் ஆட்டுகிற மாதிரி, டாட்டா காட்டியது.

அவர் இன்ஜினை அணைத்தார். ஏன் அணைத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. தெரு முழுக்கச் சொட்டுகிற சத்தம். ஓடுகளிலிருந்து, இலைகளிலிருந்து. சாக்கடை அடங்கியிருந்தது. அப்போது சந்துப் பக்கமிருந்து கேட்டது.

டக். டக்.

டக்.

சந்துக்குள் ஓடினார். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினார். பாசிச் சுவரில் காதை வைத்தார். சில்லென்றிருந்தது. செங்கல்லுக்குள், எங்கோ ஆழத்தில், அவ்வளவு ஆழம் அந்தச் சுவருக்கு இல்லை, ஒரு சுவிட்ச். டக். டக். நிறுத்தி, டக். மறுபடி. மறுபடி. அவசரமாக. போடுகிறவளுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் எரியவில்லை. எரிய முடியாது. அவர்தான் வெட்டியிருக்கிறார். வேறு எவனும் கை வைக்க முடியாது. மாமா சொன்னால் சொன்னதுதான்.

“அம்மா!” என்று அடித்தொண்டையிலிருந்து அவருக்கே தெரியாமல் ஒரு சத்தம் வந்தது.

கதவை இடித்த இடியில் தங்கை குழந்தையோடு இறங்கி வந்து திறந்தாள். அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஏணியை விரித்தார். ஃபியூஸைப் பிடுங்கவில்லை. இந்த வீட்டை அவர் இனிமேல் இருட்டாக்க மாட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக, கரண்டு ஓடும்போது ஏறி, புது விளக்கைத் திருகிப் பிடுங்கினார். அது தன் வயரிலேயே தொங்கியது. டேப்பைப் பல்லால் கிழித்தார். முனையோடு முனையை முறுக்கினார். பொறி பறந்தது, விரல் சுட்டது, தோள் வரைக்கும் உதறியது. விடவில்லை. இரண்டாவதையும் முறுக்கினார்.

தொங்கிக்கொண்டிருந்த விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

எரிந்தது.

அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை, விழுந்தார். தவழ்ந்து போய்ச் சுவிட்சைத் தட்டினார். இரண்டு. நிறுத்தி, ஒன்று. நான் இங்கேதான் இருக்கேன். சுவருக்குள்ளிருந்து பதில் பாய்ந்து வந்தது, குதித்துக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. டக் டக். டக். டக் டக். டக். வெளிச்சமும் இருட்டும் மாறி மாறித் தங்கையின் முகத்தில் விழுந்தன.

“வாலு,” என்றார். அழுகையில் வார்த்தை வரவில்லை. “வாலு உள்ள இருக்காம்மா. வாலு அங்க இருக்கா.”

“வாலு என் இடுப்புல இருக்காண்ணா,” என்றாள் தங்கை, குழந்தையை இறுக்கிக்கொண்டு. “என்ன பேசுறே நீ? பிள்ளை பயந்துக்குது பாரு.”

பிள்ளை பயப்படவில்லை. அம்மாவின் தோளுக்கு மேல் அவரைப் பார்த்தது. பிறகு சாய்ந்து, கையை நீட்டி, அவர் விரலுக்குப் பக்கத்திலேயே, சுவிட்சைத் தட்டியது.

அணைந்தது.

டக். சுவர் எரியவைத்தது.

சின்னக் கை. அணைந்தது.

டக். எரிந்தது.

அந்தக் கையைப் பிடித்து விலக்க வேண்டும். அவரால் தொட முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அணைந்தது. எரிந்தது. அணைந்தது. கொஞ்சம் தாமதித்து, எரிந்தது. அணைந்தது. இன்னும் தாமதித்து. சாக்கடை இரண்டு தரம் விழுங்கின பிறகு. டக். எரிந்தது, மினுங்கலாக.

சின்னக் கை. அவசரமே இல்லாமல்.

அணைந்தது.

காத்திருந்தார்கள். தங்கைகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எதற்கென்று தெரியாமலேயே. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டியது.

“தூங்கிட்டா மாமா,” என்றது குழந்தை, இருட்டுக்குள், ரொம்பப் பிரியமாக.

அவர் சுவிட்சைத் தேடிப் பிடித்தார். இரண்டு. நிறுத்தி, ஒன்று. சுவரில் காதை வைத்தார். மேல் விளக்கு அவருக்காக மட்டும் எரிந்து அணைந்தது. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது கேட்டது. அதன் கால் சுவரை உரசிக்கொண்டே போவதும் கேட்டது. அவர் விரலை எடுக்கவில்லை. இரண்டு. நிறுத்தி, ஒன்று. காதை இன்னும் அழுத்தினார். இரண்டு. நிறுத்தி, ஒன்று.